உழைப்பவர் உலகம் – 9: மண்ணடியில் கரையேறிய தந்தி

லண்டன் துறைமுகத் தொழிலாளர்களின் பணப்பெட்டி வற்றிக்கொண்டிருந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம்.

1889 ஆகஸ்ட் கடைசி வாரம். 14-ம் தேதி ‘லேடி ஆம்ஸ்ட்ராங்’ என்ற கப்பலின் சரக்குக்கு உபரிக்கூலி எவ்வளவு என்று எழுந்த தகராறு, பதினைந்து நாளில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீதிக்குக் கொண்டுவந்துவிட்டது. சரக்கேற்றுபவர், படகுக்காரர், வண்டிக்காரர் எல்லோரும் வெளியே. தேம்ஸ் நதியில் கப்பல்கள் சும்மா நின்றன.

அவர்கள் கேட்டது பெரிதல்ல. மணிக்கு ஐந்து பென்ஸ் கூலியை ஆறாக்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு எட்டு. வேலைக்கு எடுத்தால் குறைந்தது நான்கு மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றாவது கோரிக்கைதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. விடியற்காலையில் துறைமுக வாசலில் முண்டியடித்து, மேஸ்திரியின் கண்ணில் பட்டு உள்ளே போனவனையும் ஒரே மணி நேரத்தில் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடலாம் என்பதே அன்றைய வழக்கம். மில்வால் கப்பல்துறையின் மேலாளர் கர்னல் பிர்ட், நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்ன சாட்சியம் ஒன்று உண்டு. இவர்கள் வெறும் வயிற்றோடு வருகிறார்கள், ஒரு மணி நேரம் வேலை செய்ததும் பசி தாங்காமல் ஐந்து பென்ஸை வாங்கிக்கொண்டு சாப்பிடப் போய்விடுகிறார்கள் என்றார். முதலாளி தரப்பு மனிதரின் வாக்குமூலம் இது!

இப்படிப்பட்டவர்களைப் பட்டினி போட்டுப் பணியவைக்க எத்தனை நாள் ஆகும்? கம்பெனிகளின் கூட்டுக் குழுத் தலைவர் நார்வுட் போட்ட கணக்கும் அதுதான்.

வேலைநிறுத்தக் குழு பாப்லர் பகுதியில் ‘வேட்ஸ் ஆர்ம்ஸ்’ என்ற மதுக்கடையில் இயங்கியது. தேயிலைக் கிடங்குத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கண்ட பென் டில்லெட், வெள்ளை வைக்கோல் தொப்பி ஜான் பர்ன்ஸ், டாம் மான் ஆகியோர் அங்கே இருந்தார்கள். காரல் மார்க்ஸின் மகள் எலினார் கடிதப் போக்குவரத்தைக் கவனித்தார். நிவாரணச் சீட்டு கொடுத்த முதல் நாள் கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு வருவதுபோல் நெருக்கியது. டாம் மான் ஒரு நிலைக்காலில் முதுகைச் சாய்த்து, எதிர் நிலைக்காலில் காலை ஊன்றி வாசலை அடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் சீட்டு உண்டு என்று வாக்குக் கொடுத்து, தன் காலுக்கடியில் ஒவ்வொருவராகக் குனிந்து போகவைத்தார். மணிக்கணக்கில் நின்றதில் முதுகுத் தோல் உரிந்துபோயிற்று.

ஆனால் சீட்டுக்குப் பின்னால் பணம் இருக்க வேண்டுமே. தினம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். உண்டியல் வசூல் எந்த மூலைக்கு? வேறு வழியில்லாமல் லண்டன் முழுவதற்கும் பொது வேலைநிறுத்த அறைகூவலில் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். அது சூதாட்டம். மற்றத் தொழிலாளர்களும் வேலையை விட்டால், இதுவரை அவர்கள் கொடுத்துவந்த நன்கொடையும் நின்றுபோகும். மக்களின் அனுதாபமும் திரும்பிவிடலாம்.

அந்த நேரத்தில்தான் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலிருந்து தந்தி வந்தது. அங்குள்ள துறைமுகத் தொழிலாளர்கள் 150 பவுண்டு அனுப்புகிறார்கள்!

அன்று ஆஸ்திரேலியத் தந்தி லண்டன் போய்ச் சேர்ந்த வழி நமக்குச் சுவையானது. ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு வழியாகக் கடலடிக் கம்பியில் வந்து சென்னையில் கரையேறும். அங்கிருந்து தரைவழியே பம்பாய். பிறகு மறுபடி கடல், சூயஸ், லண்டன். தலைப்பில் மண்ணடி என்று போட்டது கடற்கரையை ஒட்டிய பழைய சென்னையை நினைத்துத்தான். கம்பி எந்தத் தெருவில் ஏறியது என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

150 பவுண்டு யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனால் அதன் பின்னால் மடை திறந்தது. மெல்போர்ன், சிட்னி, அடிலெய்டு என்று நகரம் நகரமாக வசூல். தொழிற்சங்கங்கள் மட்டுமல்ல, பொதுக்கூட்டங்களில் பாதிரிமார்களும் வியாபாரிகளும் கொடுத்தார்கள், கால்பந்தாட்ட வசூலும் வந்தது. லண்டன் நிதியில் கடைசியில் சேர்ந்தது சுமார் 48,000 பவுண்டு. அதில் 30,000-க்கும் மேல் ஆஸ்திரேலியப் பணம். பிரிட்டனின் பழம்பெரும் சங்கங்கள் கொடுத்தது இதற்கு முன் சொற்பம்.

பொது வேலைநிறுத்த அறைகூவல் திரும்பப் பெறப்பட்டது. இனி அந்தச் சூதாட்டம் தேவையில்லை. கருங்காலிகளைத் தடுக்கத் துறைமுக வாசல்களில் மறியல் ஆட்களைச் சோறு போட்டு நிறுத்த முடிந்தது. பட்டினிக் கணக்கு பொய்த்தது.

ஒரு கூட்டத்தில் ஜான் பர்ன்ஸ், இந்தப் போராட்டம் தொழிலாளர்களின் லக்னோ என்றார். அடிவானத்தில் வெள்ளி மின்னுகிறது, அது துப்பாக்கி ஈட்டியல்ல, நமது ஆறு பென்ஸ் நாணயம் என்ற பொருளில் முழங்கினார். 1857-ல் லக்னோ முற்றுகையில் சிக்கிய ஆங்கிலேயரை மீட்கப் படை வந்ததை நினைவூட்டும் பேச்சு. முற்றுகையிட்டவர்கள் நம்மவர்கள் என்பது அந்த மேடையில் யாருக்கும் உறுத்தவில்லை. சர்வதேச ஒற்றுமைக்கு அன்று இருந்த எல்லை அவ்வளவுதான்.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 81 வயதுக் கத்தோலிக்க கார்டினல் மேனிங் இரு தரப்புக்கும் நடுவே நடையாய் நடந்தார். செப்டம்பர் 14-ல் உடன்பாடு, 16-ல் வேலை, நவம்பர் 4 முதல் ஆறு பென்ஸ். டில்லெட் செயலாளராகவும் டாம் மான் தலைவராகவும் புதிய துறைமுகத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

அதே ஆண்டு ஜூலையில்தான் பாரிஸில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி இரண்டாம் அகிலத்துக்கு அடித்தளம் போட்டார்கள். வரலாற்று நூல்கள் அந்த மாநாட்டுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகின்றன. மே தினம் அங்கேதான் முடிவானது, மறுக்கவில்லை. இருந்தாலும், முகம் தெரியாத கூலிக்காரனின் அடுப்பெரிய உலகின் மறுகோடியிலிருந்து காசு வந்ததே, சர்வதேசத் தொழிற்சங்க இயக்கம் நடைமுறையில் தொடங்கிய இடங்களுள் ஒன்றாக அதைத்தான் நான் வைப்பேன்.

ஆனால் வாங்கியது கடன். ஓராண்டுகூட நிம்மதியாகக் கழியவில்லை. 1890 ஆகஸ்டில் ஆஸ்திரேலியத் துறைமுகங்கள் ஸ்தம்பித்தன. கப்பல் அதிகாரிகளின் சங்கம் மெல்போர்ன் தொழிற்சங்க மன்றத்தோடு சேரக் கூடாது என்றார்கள் கப்பல் முதலாளிகள். அதிகாரிகள் இறங்கினார்கள், துறைமுகத் தொழிலாளர்கள் இறங்கினார்கள், பிறகு சுரங்கத் தொழிலாளர்கள். லண்டன் ஏழைக்கு இரக்கப்பட்டுக் காசு கொடுத்த கனவான்கள், தங்கள் ஊர் வேலைநிறுத்தத்துக்குச் சல்லிக்காசு தருவார்களா? மெல்போர்னில் படை திரண்டது. கூட்டத்தின் மீது சுட நேர்ந்தால் துப்பாக்கியைத் தாழ்த்திச் சுடுங்கள் என்று கர்னல் பிரைஸ் தன் வீரர்களுக்குச் சொல்லிவைத்தார்.

இந்த முறை உதவி கேட்டது ஆஸ்திரேலியா. லண்டன் என்ன அனுப்பியது, அது போதுமானதாக இருந்ததா? அடுத்த வாரம்.