கணனித் தொடர்பில் வேக முரண்பாடு: ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. நிறுத்தத்தின் வரலாறும் ஆராயற்பாலது என்பது நமது கருத்து.

1963இல் வெளிவந்த 'ரெலிரைப் 33' தொலைத்தட்டச்சுப் பொறி செக்கனுக்கு 10 எழுத்துகளையே அச்சிட்டது. அவ்வாண்டு வகுக்கப்பட்ட 'ஆஸ்கி' குறிமுறையின் 17ஆம் குறி அதன் துளைநாடா வாசிப்பானை இயக்கவும், 19ஆம் குறி நிறுத்தவும் பயன்பட்டன. பின்னர் இக்குறிகளைக் கொண்டே தொலைவிலுள்ள முனையம் கணனியின் வெளியீட்டைத் தடுத்து நிறுத்தலாயிற்று. 1978இல் வந்த 'வீரீ 100' திரைமுனையம் 64 எழுத்துகளைத் தேக்கிவைக்க வல்லது. தேக்கம் பாதி நிரம்பியதுமே அது நிறுத்தற்குறியை அனுப்பியது. ஏனெனில், குறி கணனியைச் சேரும்வரை எழுத்துகள் வந்துகொண்டேயிருக்கும். அவற்றுக்கும் இடம் வேண்டும்.

1981ஆம் ஆண்டின் 'ரீசீபீ' விதிமுறையில், பெறுவோன் தன்னிடம் எஞ்சிய இடத்தின் அளவை அவ்வப்போது அறிவித்தான். ஆயின் இடைப்பட்ட வலையமைப்பின் கொள்ளளவை அறிவிப்பார் எவருமிலர். விளைவாக, 1986 ஒக்ரோபரில் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்குமிடையே செக்கனுக்கு 32,000 பிற்றாக இருந்த வேகம் 40 பிற்றாக வீழ்ந்தது. தரவுப் பொதிகள் தொலைவதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு அனுப்புவோனே வேகத்தைக் குறைத்தல் வேண்டும் என்னும் தீர்வை 1988இல் வான் ஜேக்கப்சன் வெளியிட்டார்.

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. தேக்கம் வேக முரண்பாட்டைத் தீர்ப்பதன்று, ஒத்திவைப்பதே. நினைவகம் மலிந்த காலத்தில் பெருத்த தேக்கங்கள் தாமதத்தையே வளர்த்தன என 2010 அளவில் ஜிம் கெற்றிஸ் சுட்டிக்காட்டியமையும் இதனையே வலியுறுத்தும். வேகம் குறைந்த தரப்பின் குரலுக்கு வேகம் மிக்க தரப்பு செவிசாய்த்தபோதே தொடர்பு நிலைபெற்றது எனலாம்.