பேதுருவின் கால்கள்

பெரிய வியாழன் பின்னேரம் கோவிலில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு கதிரைகள், பன்னிரண்டு பேர். குருவானவர் மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் முழங்காலில் இருந்து தண்ணீர் ஊற்றுவார். சின்ன வயசில் எங்களில் பலருக்கு அது நாடகம் பார்க்கிற மாதிரித்தான். ஒரு விசயம் மட்டும் சிரிப்பாக இருக்கும். தெரிவுசெய்யப்பட்ட ஆக்கள் வீட்டிலேயே சோப் போட்டு, நகம் வெட்டி, காலை நல்லாக் கழுவிவிட்டுத்தான் வருவினம். அழுக்குக் காலை எல்லாருக்கும் முன்னால் நீட்ட வெட்கம்.

அந்த வெட்கத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். எங்கள் குழுவில் கிறிஸ்தவர்களும் இருக்கிறம், சைவர்களும் இருக்கிறம், எதையும் நம்பாத ஆக்களும் இருக்கிறம். மீட்பு என்ற சொல்லை ஆளாளுக்கு வேறு விதமாக விளங்கிக்கொள்கிறோம். ஆனால் இந்தச் சடங்கின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டோம்.

கதை யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசு கைதாவதற்கு முந்தின இரவு. புழுதி ரோட்டில் செருப்போடு நடந்த காலம் அது. வீட்டுக்கு வருபவர்களின் காலைக் கழுவுவது அடிமைகளின் வேலை. அந்த வேலையை குரு எடுத்துச் செய்கிறார். சீடர்களில் பேதுரு மட்டும் மறுக்கிறார். நீங்கள் என் காலைக் கழுவக்கூடாது என்கிறார். கேட்க மரியாதையான பேச்சுத்தான். ஆனால் கழுவ விடாவிட்டால் தன்னோடு அவருக்குப் பங்கே இல்லை என்று இயேசு சொல்லிவிடுகிறார். உடனே பேதுரு தலைகீழாக மாறி, கையையும் தலையையும்கூடக் கழுவச் சொல்கிறார்.

தாழ்மை என்றால் குனிந்து வேலை செய்வது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இங்கே அது இரண்டு பக்கமும் இருக்கிறது. கழுவக் குனிகிறவரின் தாழ்மை ஒன்று. அழுக்குக் காலை நீட்டி, எனக்கு இது தேவை என்று ஒத்துக்கொள்கிறவரின் தாழ்மை இன்னொன்று. பேதுருவுக்குக் கஷ்டமாக இருந்தது இரண்டாவது. கடவுளின் இரக்கம் மேலே இருந்து பிச்சை போடுகிற மாதிரி வந்திருந்தால் அவர் வாங்கியிருப்பார். அது காலடியில் வந்து நின்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நாலாம் நூற்றாண்டில் இத்தாலியின் மிலான் நகரத்தில் அம்புரோஸ் ஆயராக இருந்தார். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களின் கால்களையும் கழுவுவது வழக்கம். றோமில் அப்படியொரு வழக்கம் இல்லை. அது அம்புரோஸுக்கும் தெரியும். றோமை நாங்கள் மதிக்கிறோம், ஆனாலும் இதை விடமாட்டோம் என்ற மாதிரித்தான் அவர் விளக்கம் கொடுத்தார். அவருக்கு அது விருந்தாளியை உபசரிக்கிற மரியாதை மட்டும் இல்லை, மீட்போடு சம்பந்தப்பட்ட செயல்.

387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா இரவில் அந்த அம்புரோஸிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஒருவர் அகுஸ்தினார். வட ஆபிரிக்காவில் பிறந்தவர். பேச்சுக்கலை ஆசிரியராக மிலானுக்கு வந்தவர். நகரத்திலேயே பெரிய பதவிகளில் ஒன்று அது. அந்த ஊர் வழக்கப்படி அவருடைய கால்களும் அந்த இரவில் கழுவப்பட்டிருக்கும். மெய்யியல் படித்து, கடவுளைப் பற்றி நிறையத் தெரிந்துவைத்திருந்த மனிதர். ஆனால் கடவுள் தன்னைத் தாழ்த்திக்கொண்டார் என்பதை அந்த மெய்யியல் நூல்களில் தான் காணவில்லை என்று பிறகு தன் வாழ்க்கையைப் பற்றிய நூலில் எழுதினார்.

அகுஸ்தினாருக்கு எதிராக வந்தவர் பெலாஜியஸ். பிரித்தானியாவில் இருந்து றோமுக்கு வந்த துறவி, ஒழுக்கமாக வாழ்ந்தவர். மனிதர் முயன்றால் நல்லவராக வாழலாம், எல்லாவற்றையும் கடவுளின் இரக்கத்தில் போட்டுவிட்டால் ஆக்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பது அவருடைய கவலை. உண்மையைச் சொன்னால், எங்களில் பாதிப்பேர் முதலில் பெலாஜியஸ் பக்கம்தான் நின்றோம். படிச்சால் பாஸ், படிக்காவிட்டால் இல்லை என்று வளர்ந்த பிள்ளைகள் வேறு என்ன நினைப்பம்? ஆனால் அகுஸ்தினார் முயற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த முயற்சிக்கான மனசே கொடையாகக் கிடைத்தது, அதை வைத்து ஆளுக்கு ஆள் பெருமையடிக்க ஏலாது என்றார். 418இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸின் போதனையைக் கண்டித்தார்கள். அந்த வாதம் அதோடு முடியவில்லை, இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் எங்களுக்கு ஒன்று விளங்கியது. காலை வீட்டிலேயே கழுவிவிட்டு வருகிற ஆளுக்குள் ஒரு பெலாஜியஸ் இருக்கிறார்.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கில் பாதம் கழுவுவது அன்றாட வேலையாகவே வருகிறது. கிழமைக்குக் கிழமை முறை வைத்துச் சமையல் வேலை செய்பவர்கள், தங்கள் முறை முடியும்போது எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும். மடத்துக்கு வரும் விருந்தாளிகளின் கால்களைத் தலைவரும் மற்றவர்களும் கழுவ வேண்டும். வறியவர்களையும் யாத்திரிகர்களையும் கூடுதல் கவனத்தோடு வரவேற்கச் சொல்கிறார் பெனடிக்ட். பணக்காரரை எல்லாரும் பயத்திலேயே மதிப்பார்கள், அதற்குத் தனிச் சட்டம் தேவையில்லை என்பது அவர் கணக்கு.

பிறகு இந்தச் சடங்கு அரண்மனைக்குப் போனது. இங்கிலாந்து அரசர்கள் பெரிய வியாழனில் ஏழைகளின் கால்களைக் கழுவினார்கள். அரசருக்கு எத்தனை வயதோ அத்தனை ஏழைகள் என்று கணக்கு வந்தது. முதலாம் எலிசபெத் கழுவும் முன்னரே அரண்மனை ஊழியர்கள் அந்தக் கால்களைக் கழுவி முடித்துவிடுவார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் ஜேம்ஸ்தான் தன் கையால் கழுவிய கடைசி அரசர் என்று சொல்கிறார்கள். இப்போது அங்கே மிச்சம் இருப்பது நாணயப் பை மட்டும். ஒருவருடைய அழுக்கையும் யாரும் தொடத் தேவையில்லை. வாங்குகிறவர் வரிசையில் நிற்கிறார், அரசர் கொடுக்கிறார், பேதுருவின் சிக்கல் யாருக்கும் வரவே வராது.

எங்கள் பக்கத்தையும் விட்டுவிட ஏலாது. 1833இல் கல்கத்தாவின் அங்கிலிக்கன் ஆயர் டானியல் வில்சன், தென்னிந்தியத் தமிழ்ச் சபைகளில் சாதி வேறுபாடு அடியோடு நீங்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது, கனபேர் சபையை விட்டே விலகினார்கள். காலைக் கழுவிய கடவுளைக் கும்பிட்டவர்களுக்கு, பக்கத்தில் இருப்பவரோடு ஒரே கிண்ணத்தில் குடிக்க முடியாமல் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு இது பக்கத்து நாட்டுக் கதை மாதிரித் தெரியவில்லை. யார் யாருடைய காலடியில் நிற்கலாம் என்ற கணக்கு எங்கள் ஊர்களிலும் இன்னும் முடியவில்லை.

எங்கள் காலத்துக்கு வருவோம். 2013 மார்ச் 28, பாப்பரசராகி இரண்டு கிழமைதான் ஆகிறது. பிரான்சிஸ் பெரிய பேராலயத்தில் நிற்காமல் றோமில் இருக்கும் ஓர் இளையோர் சிறைக்குப் போனார். அவர் கழுவிய பன்னிரண்டு பேரின் கால்களில் பெண்களின் கால்களும் முஸ்லிம்களின் கால்களும் இருந்தன. அந்த நேரத்தில் திருச்சபை விதிப்படி ஆண்கள் மட்டும்தான் அதில் இருக்கலாம். சர்ச்சை வந்தது. 2016 ஜனவரியில் விதியே மாற்றப்பட்டு, பெண்களுக்கும் இடம் கிடைத்தது.

எங்களுக்குள் சண்டை மூட்டியது அடுத்த சம்பவம். 2019 ஏப்ரல் 11. தென்சூடானின் உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற தலைவர்கள் வத்திக்கானுக்கு வந்திருந்தார்கள். 2013 டிசம்பரில் தொடங்கிய அந்தப் போர் இலட்சக்கணக்கான ஆக்களின் உயிரைக் குடித்தது. 82 வயது பாப்பரசர் குனிந்து ஜனாதிபதி சல்வா கீரின் சப்பாத்தை முத்தமிட்டார், பிறகு ரியக் மச்சாரின் சப்பாத்தையும் முத்தமிட்டார். சமாதானத்தைக் கைவிட வேண்டாம் என்று கெஞ்சினார். 2020இல் ஒற்றுமை அரசாங்கம் அமைந்தது, ஆனாலும் அந்த நாட்டில் சண்டை முழுசாக ஓயவில்லை.

எங்களில் ஒரு தோழி அந்தக் காணொளியைப் பாதியில் நிறுத்தச் சொன்னாள். "செத்த ஆக்களின்ர தாய்மார் இதைப் பார்த்தால் என்ன நினைப்பினம்?" என்று கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை. போர் முடிந்தபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொண்டு ரோட்டோரம் இருக்கிற அம்மாக்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள். மன்னிப்பு, இரக்கம், தாழ்மை என்ற சொற்கள் எப்பவும் அந்த அம்மாக்களைப் பார்த்துத்தான் சொல்லப்படுகின்றன. மறந்துவிடுங்கோ, விட்டுக்கொடுங்கோ என்று.

திரும்பவும் யோவான் 13ஐ எடுத்து வாசித்தோம். அங்கே காட்டிக்கொடுக்கப் போகிற யூதாஸும் இருக்கிறார். கழுவி முடிந்த பிறகுதான் அவர் எழும்பி இருட்டுக்குள் போகிறார், ஆகவே அவருடைய காலும் கழுவப்பட்டிருக்கிறது. அந்த இரக்கம் அவர் செய்யப்போவதைச் சரி என்று சொல்லவில்லை. இன்னொன்றையும் கவனித்தோம். அந்த அறையில் குனிந்தவர் குரு. பலம் இல்லாத யாரையும் பிடித்து, நீ குனி என்று யாரும் கட்டளை போடவில்லை. ஆகவே நொந்தவர்களிடம் போய்த் தாழ்மையைப் போதிக்க இந்தக் கதையில் இடமே இல்லை. முதலில் குனிய வேண்டியவர்கள் மேலே இருக்கிறவர்கள்.

தோழி இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. பாப்பரசர் குனிந்தது சரி, கால் நீட்டினவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறாள். அது பேதுருவிடம் கேட்கப்பட்ட கேள்விதான். உன் காலில் அழுக்கு இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறாயா? அந்தத் தலைவர்கள் அதற்கு என்ன பதில் சொல்கிறார்கள் என்பதை அவர்களுடைய நாடுதான் பார்க்கும்.

2025 ஏப்ரல் 17, பெரிய வியாழன். நோயில் இருந்து இன்னும் தேறாத பிரான்சிஸ் றோமில் ஒரு சிறைக்குப் போனார். இந்த முறை குனிந்து கழுவ உடம்பு விடவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடி கைதிகளோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தார். நாலு நாளில் இறந்துபோனார்.

அடுத்த பெரிய வியாழனுக்கு எங்கள் கோவிலில் யாராவது ஒருவர், வயலில் இருந்தோ கடலில் இருந்தோ நேரே வந்து, கழுவாத காலோடு அந்தக் கதிரையில் இருந்தால் நல்லாயிருக்கும் என்று கதைத்துக்கொண்டோம்.