சிங்கப்பூர் விலையும் சென்னை விலையும்: மின்னணுப் பொருள்களின் அரை நூற்றாண்டு

நந்தனத்தில் அண்ணா சாலை 692ஆம் எண், எம்.எச்.யு. வளாகம். 1977இல் தொடங்கப்பட்ட எல்காட் என்னும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் தலைமையகம் இங்குதான் இருக்கிறது. மத்திய ஜிஎஸ்டியின் சென்னைத் தெற்கு ஆணையரகமும் இதே வளாகத்தில். ஒரு டிவியோ செல்போனோ சென்னையில் என்ன விலைக்குப் போகும் என்பதில் அரசின் கை முன்பு துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலை சுங்க மாளிகையில் இருந்தது. இன்று அது பெரும்பாலும் இத்தகைய உள்நாட்டு வரி அலுவலகங்களுக்கு இடம் மாறிவிட்டது. வெளிநாட்டு விலைக்கும் நம்மூர் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘கஸ்டம்ஸ் ஜாஸ்தி’ என்று முடித்துவிடுகிறோம். அந்த விளக்கம் 1975க்கே பாதிதான் பொருந்தும். இன்றைக்கு அதைவிடக் குறைவாகவே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1962இல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வணிகம் நாட்டுடைமையாக, அங்கு தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினர். அவர்கள் பிழைக்க ஒரு வழியாக, 1960களின் இறுதியில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே, துறைமுகச் சுவரை ஒட்டி முளைத்தது பர்மா பஜார். அங்கே குவிந்த சரக்கில் பர்மாவிலிருந்து வந்தது மிகக் குறைவு. டிரான்சிஸ்டர், டேப் ரெக்கார்டர், டூ-இன்-ஒன், பின்னாளில் வி.சி.ஆர். என எல்லாம் ஜப்பானில் செய்து சிங்கப்பூர் வழியாக வந்தவை. 1985 பிப்ரவரியில் தீப்பிடிக்கும்வரை சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலின் பயணிகளும், பிறகு விமானத்தில் பறந்த ‘குருவி’களும் அவற்றைச் சுமந்து வந்தனர்.

சிங்கப்பூரில் மட்டும் ஏன் மலிவு? அது சுங்கமற்ற துறைமுகம். இத்தகைய பொருள்களுக்கு இறக்குமதித் தீர்வை கிடையாது. உள்நாட்டில் ஜிஎஸ்டி வந்ததே 1994இல், அதுவும் 3 விழுக்காடாக. சிராங்கூன் சாலை வட்டாரத்தில் கடைக்குக் கடை போட்டி. ஆனால் விலை இடைவெளியை விளக்க அந்த மலிவு மட்டும் போதாது. சென்னையில் அதே பொருளைத் தீர்வை கட்டியாவது கொண்டுவந்து கடையில் விற்க வணிகருக்கு அனுமதியே இல்லை. நுகர்பொருள் இறக்குமதியே உரிமம் என்ற கதவுக்குப் பின்னால் அடைபட்டிருந்தது. தீர்வையைக் கூட்டிக் கழித்து விலையில் சேர்க்கலாம்; தடைக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. கொண்டுவந்தவன் எடுத்த ஆபத்துக்கு என்ன கூலியோ, அதுவே விலை. ஆகவே பஜாரில் காலையில் ஒரு விலையும் மாலையில் ஒரு விலையும் சொல்லப்பட்டதில் வியப்பில்லை. டயனோரா, சாலிடேர் போன்ற உள்ளூர்த் தொலைக்காட்சிகள் இந்தத் தடையின் நிழலில்தான் வளர்ந்தன. அவை தரமற்றவை என்று இன்று கிண்டல் செய்வது எளிது. பல வீடுகளில் பதினைந்து ஆண்டுகள் ஓடியதை மறந்துவிடுகிறோம்.

1990–91இல் இந்தியாவின் சராசரி சுங்கத் தீர்வை 125 விழுக்காட்டை ஒட்டியும், சில பொருள்களுக்கு 300ஐத் தாண்டியும் இருந்தது. உச்ச விகிதம் 1991இல் 150 ஆகவும், 2007இல் 10 ஆகவும் இறங்கியது. ஆனால் என் கணிப்பில், பஜாரின் அடித்தளத்தை அசைத்த நாள் 2001 ஏப்ரல் 1. எஞ்சியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியது அன்றுதான். தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் 1997இல் சேர்ந்ததன் பயனாக, 2005 வாக்கில் செல்போனுக்கான அடிப்படைத் தீர்வையும் சுழியமானது.

கதவு ஒரே திசையில் திறந்துகொண்டே போகவில்லை. தட்டைத்திரை டிவியைப் பயணப் பெட்டிகளோடு கொண்டுவரும் பழக்கம் பெருகியிருந்த நேரத்தில் ரூபாய் சரிந்தது. 2013 ஆகஸ்ட் 26 முதல் அத்தகைய டிவி இலவசச் சலுகையிலிருந்து நீக்கப்பட்டு, 36.05 விழுக்காடு தீர்வைக்கு உள்ளானது. 2017–18இல் செல்போன் தீர்வை 10, 15, 20 என மூன்று படிகளாக ஏறியது. இங்கேயே தயாரிக்கச் செய்வது நோக்கம். அந்த நோக்கம் பெருமளவு நிறைவேறியதை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் காணலாம். 2024இல் தீர்வை 15ஆகக் குறைந்தது.

பக்கத்தில் தயாரானால் விலை குறைய வேண்டுமல்லவா? ஐபோன் 14 இதற்கு நல்ல சோதனை. 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் அதன் விலை 799 டாலர். இந்தியாவில் 79,900 ரூபாய். அதே மாத இறுதியில் அது இந்தியாவிலேயே தயாராவதாக ஆப்பிள் அறிவித்தது. விலை அசையவில்லை. டாலர் 80 ரூபாய் என்று கொண்டால் அமெரிக்க விலை 63,920, வித்தியாசம் 15,980. இந்திய விலைக்குள் அடங்கிய 18 விழுக்காடு ஜிஎஸ்டி மட்டும் சுமார் 12,190. அமெரிக்க விலையிலோ மாநில விற்பனை வரி சேர்க்கப்படுவதில்லை. ஓரிகனில் அது இல்லவே இல்லை, கலிஃபோர்னியாவில் குறைந்தது 7.25 விழுக்காடு. ஆக, நாம் புலம்பும் இடைவெளியில் முக்கால் பங்கு உள்நாட்டு வரி. மீதி சுமார் 3,800 ரூபாயில்தான் நாணய மாற்று ஆபத்து, உதிரிபாகத் தீர்வை, விநியோகச் செலவு, நிறுவனத்தின் விலைக்கொள்கை எல்லாம் அடங்க வேண்டும்.

நாணய மாற்றின் வலு ஜப்பானில் தெளிவாகத் தெரிந்தது. 2022 ஜூலை 1 அன்று, யென் வீழ்ந்துகொண்டிருந்தபோது, ஐபோன் 13இன் விலையை அங்கே 98,800 யென்னிலிருந்து 117,800 ஆக ஆப்பிள் ஒரே நாளில் உயர்த்தியது. தீர்வையும் மாறவில்லை, பொருளும் மாறவில்லை.

வாங்குபவரின் பலமும் ஒரு காரணி என்பதற்கு எல்காட் சான்று. 2006க்குப் பின் இலவச வண்ணத் தொலைக்காட்சிகளையும், 2011க்குப் பின் மாணவர்களுக்கான மடிக்கணினிகளையும் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கியது அது. கோடிக்கணக்கில் வாங்கும் ஒற்றை வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் பேரம், தி. நகர்க் கடையில் ஒரே ஒரு பெட்டிக்காக நிற்பவருக்குக் கிடைக்காது.

2025 செப்டம்பர் 22 அன்று 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஏ.சி.க்கும் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 50,000 ரூபாயான ஒரு டிவி 64,000இலிருந்து 59,000க்கு இறங்கியது. சிங்கப்பூரின் 9 விழுக்காட்டையும் துபாயின் 5 விழுக்காட்டையும் நோக்க இது இன்னும் அதிகம்தான். ஆனால் அந்த 5,000 ரூபாய் குறைய, சுங்கத் தீர்வையில் யாரும் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.