கந்தூரி, கல்யாணம், கட்சி மேடை: நாகூர் ஹனிபாவின் கச்சேரி வாழ்க்கை

நாகூர் இ. எம். ஹனிபா 1925 டிசம்பர் 25ஆம் நாள் இராமநாதபுரத்தில் பிறந்தவர். ஊர்ப்பெயராக ஒட்டிக்கொண்டது நாகூர். அவரைப் பற்றி எழுதுவோர் இஸ்லாமியப் பாடகர் என்றோ கழகப் பாடகர் என்றோ ஒரு பக்கமாக ஒதுக்கிவிடுகின்றனர். சினிமாவை நம்பாமல் சொந்தக் குழுவுடன் ஊர் ஊராகச் சென்று பாடியே காலூன்றிய கச்சேரிக்காரர் அவர். அவர் இசையில் இத்தனை நடைகள் எப்படிக் கலந்தன என்பதற்கு விடை அந்தப் பிழைப்பிலேயே இருக்கிறது.

இராமநாதபுரக் கடற்கரை இந்தக் கலப்புக்குப் புதிதல்ல. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி கீழக்கரைக்காரர். தொண்டியை அடுத்த குணங்குடியில் 1792இல் பிறந்த மஸ்தான் சாகிபின் பாடல்களில் சித்தர் மரபும் சூஃபி மரபும் பிரிக்க முடியாதபடி பிணைந்துள்ளன. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருவார்கள். பாட்டைக் கேட்கச் சமயம் தடையாக இல்லாத கூட்டம் இக்கரையில் முன்பே இருந்தது.

ஹனிபாவுக்கு முறையான குரு கிடையாது. நாகூரில் இஸ்லாமியப் புகழ்ப்பாட்டுகள் பாடும் பைத்து சபையோடு சிறுவயதில் பாடியதே பயிற்சி. கூட்டாகப் பாடும் பைத்தில் குரல் தெருமுனை வரை எட்டியாக வேண்டும். ஒலிபெருக்கி வந்த பிறகும் அவர் குரல் அந்த வீச்சைக் குறைத்துக்கொள்ளவில்லை.

அவருக்குச் சோறு போட்டவை மூன்று மேடைகள். தர்கா விழாவான கந்தூரியில் புகழ்ப்பாட்டு கேட்பார்கள். கல்யாணக் கச்சேரியில் நேரம் ஆக ஆகத் துண்டுச் சீட்டு மேடையேறும். பிடித்த பாட்டைப் பாடாமல் விடமாட்டார்கள். கட்சிக் கூட்டத்திலோ பேச்சாளர் வந்து சேரும்வரை ஆயிரக்கணக்கானவர்களைக் கலையாமல் வைத்திருக்க வேண்டும். 1949இல் தொடங்கிய தி.மு.க. 1967இல் ஆட்சிக்கு வரும்வரை அந்த வேலையில் பாட்டின் பங்கு கொஞ்சமல்ல. ஆர்மோனியம், தபேலா, டோலக்கு என்று கையில் இருந்த பக்கவாத்தியங்களை வைத்துக்கொண்டு கர்நாடக ராகச் சாயலும் இந்திப் பட மெட்டும் பைத்து நடையும் மாறி மாறி வந்தன. இதைக் கலைக்கொள்கை என்று சொல்வது மிகை. கேட்கிறவர்கள் மாறினார்கள், பாட்டும் மாறியது. அவர் பாடிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' கோயில் திருவிழா ஒலிபெருக்கியிலும் ஒலித்தது அதனால்தான்.

இப்படி மேடையை நம்பிப் பிழைத்தவர்கள் வேறு நாடுகளிலும் உண்டு. 1965இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் தோன்றிய கிரேட்புல் டெட் என்ற ராக் குழுவும் இசைத்தட்டைவிடச் சுற்றுப்பயணத்தையே நம்பியது. ராக், நாட்டுப்புறம், ஜாஸ் மூன்றையும் மேடையில் நீட்டி நீட்டிக் கலந்தது. ஆனால் அங்கே குழுதான் பெயர். ஹனிபாவின் மேடையில் ஒரு குரல்தான் பெயர். பக்கவாத்தியக்காரர்கள் வரலாற்றில் பெரும்பாலும் பதிவாகவில்லை. நம் கச்சேரி மரபின் பெரிய குறை என்றே இதைச் சொல்வேன்.

தி.மு.க. தலைவர் அண்ணாவை முன்னிறுத்தி ஹனிபா பாடிய பாட்டை வெளியிட இசைத்தட்டு நிறுவனம் முதலில் தயங்கியதாகவும் வெளிவந்தபின் அது நன்றாக விற்றதாகவும் கட்சிக்காரர்கள் சொல்வதுண்டு. விற்பனைக்கு முன்பே மேடைகளில் அந்தப் பாட்டுக்கு ஆள் சேர்ந்திருந்தது என்பதால் இதை நம்பலாம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று அவர் கடல் கடந்து போனதும் பெரும்பாலும் அங்கங்கே இருந்த தமிழ் முஸ்லிம்களின் அழைப்பால்தான். பிற்பாடு சட்டமேலவை உறுப்பினர் பதவியும் வக்பு வாரியத் தலைமையும் வந்தன, பாட்டு நிற்கவில்லை.

சினிமா அவருக்கு அவ்வப்போது வந்துபோகிற இடம். 1961இல் 'பாவ மன்னிப்பு' படத்தில் டி. எம். சௌந்தரராஜனுடன் பாடினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து 'செம்பருத்தி', 'ராமன் அப்துல்லா' படங்களுக்காக இளையராஜா அழைத்தபோது அவருக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. நடிகருக்கு ஏற்ப அந்தக் குரலை மாற்றிக்கொள்ள யாரும் கேட்கவில்லை. மேடையில் கேட்ட அதே குரல்தான் படத்துக்கும் தேவைப்பட்டது. 2015 ஏப்ரல் 8ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார்.