வட்டத்தைச் சதுரமாக்கல்: இராமானுஜனின் வடிவியல் குறிப்பும் நிறுவல் பற்றிய மறுபார்வையும்

முன்னுரை

இராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என விரியும் வடசென்னையின் வரலாறு பெரிதும் துறைமுகம், இருப்புப்பாதை, ஆலை ஆகியவற்றின் வழியாகவே எழுதப்பட்டு வருகிறது. அத்துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் 1912 மார்ச் 1 அன்று, மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்த சீனிவாச இராமானுஜன் (1887–1920) இவ்வட்டாரத்தின் அறிவு வரலாற்றுக்கும் உரியவர். அவர் முடிவுகளை உள்ளுணர்வால் கண்டவர், நிறுவலில் நாட்டமற்றவர் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 1913இல் வெளிவந்த அவரது சிறிய வடிவியல் குறிப்பைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருத்தின் தோற்றம்

1913 சனவரி 16 நாளிட்ட மடலில் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதவியலர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை நிறுவலின்றி அனுப்பினார். ஹார்டி நிறுவல்களைக் கேட்டு விடையெழுதினார். நிறுவல் என்பது யாது என்பதில் இராமானுஜனுக்குத் தெளிவு போதாது என்னும் பொருள்பட அவர் பின்னாளில் எழுதியதே இக்கருத்துக்கு வலுச்சேர்த்தது. எனினும் அம்மடலில் மிகுந்திருந்தவை தொகையீடுகளும் முடிவிலித் தொடர்களும் ஆகும். வடிவியலில் அவர் எவ்வாறு இயங்கினார் என்பது தனியே நோக்கத்தக்கது.

குறிப்பின் தருக்க அமைப்பு

தரப்பட்ட வட்டத்திற்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை அளவுகோடிடாத வரைகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைதல் பழஞ்சிக்கல். பை ஒரு விஞ்சிய எண் என்று 1882இல் லிண்டமன் நிறுவியதால் துல்லியமான தீர்வு இயலாதென உறுதியாயிற்று. இராமானுஜன் தேடியது அணுக்கத் தீர்வையே. அவர் அடைந்த 355/113 என்னும் மதிப்பு 5ஆம் நூற்றாண்டிலேயே சீனத்தில் அறியப்பட்டது. எனவே குறிப்பின் புதுமை வரைமுறையில் உள்ளது.

விட்டத்தை 1 எனக் கொள்வோம். அதன் ஒரு முனையிலிருந்து 1/6 தொலைவில் எழுப்பும் செங்குத்து வட்டத்தைச் சந்திக்கும்வரை உள்ள நீளத்தின் வர்க்கம் 1/6 × 5/6 = 5/36. அந்நீளமுடைய நாணை அதே முனையிலிருந்து வரைந்து, நாணின் மறுகோடியை விட்டத்தின் எதிர்முனையோடு இணைக்க வேண்டும். அரைவட்டக் கோணம் செங்கோணமாதலின் இவ்விரண்டாம் நாணின் வர்க்கம் 31/36. முதல் நாணுக்கு இணையாக மையத்திலிருந்தும் செங்குத்தின் அடியிலிருந்தும் வரையும் கோடுகள் இரண்டாம் நாணின் பாதியையும் மூன்றிலொரு பங்கையும் பிரித்துத் தருகின்றன. எதிர்முனையிலிருந்து பாதியளவை நாணாகவும், மூன்றிலொரு பங்கைத் தொடுகோடாகவும் அமைத்தால், முதல் முனையிலிருந்து அவற்றின் கோடிகளுக்குள்ள தொலைவுகளின் வர்க்கங்கள் முறையே 1 − 31/144 = 113/144, 1 + 31/324 = 355/324. இறுதியாக, விட்டத்தின் 3/4 பங்கை இத்தொலைவுகளின் விகிதத்தில் வடிவொத்த முக்கோணங்கள் வழியே நீட்ட, கிடைக்கும் கோட்டின் வர்க்கம் ஆரத்தின் வர்க்கத்தைப்போல் 355/113 மடங்காகிறது.

ஒவ்வொரு படியும் அரைவட்டக் கோணம், பித்தாகரசு தேற்றம், தொடுகோட்டுப் பண்பு, விகிதசமம் ஆகிய பள்ளித் தேற்றங்களில் ஒன்றால் தாங்கப்படுகிறது. இராமானுஜனும் இவ்வர்க்க மதிப்புகளை வரிசையாக எழுதியே முடிவுக்கு வருகிறார். இங்கு உள்ளுணர்வின்பால் விடப்பட்ட இடைவெளி எதுவுமில்லை.

நிறுவலும் அதன் எல்லையும்

குறிப்பின் மற்றொரு சிறப்பு, நிறுவப்பட்டதையும் நிறுவப்படாததையும் அது பிரித்துக் காட்டுவதாகும். 355/113 வரை தருக்க இன்றியமையாமை உண்டு. அதற்கப்பால் உள்ள சமன்மை அணுக்கமானதே என இராமானுஜன் குறிக்கிறார். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் எனின், சதுரப் பக்கத்தின் பிழை ஏறத்தாழ ஓர் அங்குலமே என்றும் கணக்கிட்டுத் தருகிறார். 374 மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் இவ்வளவு இன்று சரிபார்த்தாலும் பொருந்துகிறது. 1914இல் பையின் அணுக்க மதிப்புகள் குறித்து எழுதிய கட்டுரையில் வேறொரு வரைமுறையைத் தரும்போது, அதற்கு அடிப்படையான மதிப்பு சோதித்துப் பெற்றது என்றும், முன்கூறிய கோட்பாட்டிலிருந்து வருவிக்கப்பட்டதன்று என்றும் அவரே கூறிவிடுகிறார்.

வடிவியலை அவர் கற்றது யூக்ளிட் வழிவந்த பள்ளிக் கல்வியில். உயர் பகுப்பாய்வுக்கு வழிகாட்டியதோ நிறுவல்களை மிகச் சுருக்கியோ விடுத்தோ தந்த காரின் தொகுப்பு நூல். எழுதும் முறையில் காணும் வேறுபாட்டை இயல்பான மனப்போக்கு என்பதைவிடக் கற்ற மரபுகளின் வேறுபாடாகக் காண இடமுண்டு. இவ்வொரு குறிப்பால் அவரது எல்லாத் தேற்றங்களுக்கும் நிறுவல் இருந்ததெனக் கொள்ளவியலாது. நிறுவலறியாதவர் என்னும் பொதுமையாக்கம் பொருந்தாது என்பதே இதனால் பெறப்படும்.

முடிவுரை

கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசனின் முயற்சியால் 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகம் உருவானது. அவர் நினைவைப் போற்றும் இவ்வட்டாரத்தின் வகுப்பறைகளில் அவரது வடிவியல் குறிப்பும் இடம்பெற வேண்டும். மேதைக்கு நிறுவல் தேவையில்லை என்று கற்கும் மாணவர், நிறுவலைத் தேர்வுச் சடங்காகவே கருதுவர். பத்தாம் வகுப்புத் தேற்றங்களைக்கொண்டே இக்குறிப்பைப் படிபடியாகச் சரிபார்க்க இயலும் என்பதை அறியும் மாணவருக்கோ, இராமானுஜன் வியப்புக்குரியவராக மட்டுமன்றிப் பின்பற்றத்தக்கவராகவும் தோன்றுவார்.