செண்டூ என்னும் பெயர்

புதுச்சேரியை அடுத்த பிள்ளைச்சாவடிக் கரைக்கு ஆலா வரும், பனிக்காலத்தில் கடற்காகம் வரும், பென்குயின் வராது. ஆயினும் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், பிரான்சுக்குரிய கெர்கெலன், குரோசே தீவுகளில் வாழும் ஒரு பென்குயினின் இரண்டு பெயர்களுக்கும் நம் கரையோடு உறவுண்டு என்பது சொற்காதலர்க்கு இனிக்கும் செய்தி.

அறிவியற்பெயர் 'பைகோசெலிஸ் பப்புவா'. நியூகினியில் பென்குயின் கண்டதாக 1776-இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் பியேர் சொன்னெராவை நம்பி, இயற்கையியலார் ஃபார்ஸ்டர் 1781-இல் 'பப்புவா' எனப் பெயர் சூட்டினார். நியூகினியில் பென்குயினே கிடையாது! முதலிற் சூட்டிய பெயர் பொருந்தாவிடினும் மாற்றலாகாது என்பது விலங்கியலார் நெறியாதலால் பிழை நிலைத்துவிட்டது. இந்தச் சொன்னெராதான் புதுச்சேரியில் பல்லாண்டு பணியாற்றியவர். யானாமுக்குத் தலைவராகவும் இருந்தவர். நம் மலைக்காட்டுச் சாம்பல் காட்டுக்கோழி அறிவியலில் இன்றும் அவர் பெயரையே சுமக்கிறது.

வழக்குப்பெயர் இதனினும் சுவையானது. ஆங்கிலேயர் அதனை 'ஜென்டூ' என்பர். தமிழ் நாவுக்குச் செண்டூ. இலத்தீனில் 'கென்ஸ்' என்றால் குலம். அக்குலத்தைச் சேர்ந்தவன் 'கென்டிலிஸ்'. கிறித்தவம் பரவியபின் அச்சொல்லே பிற இனத்தான், பிற சமயத்தான் எனத் திரிந்து, போர்த்துகீசியர் வாயில் 'ஜென்டியோ' ஆகி, கப்பலேறி வந்து இந்நாட்டு முகம்மதியரல்லாதாரைச் சுட்டி, ஆங்கிலேயரிடம் 'ஜென்டூ' என்று நின்றது. தன்னவனைக் குறித்த சொல் அயலானைக் குறித்த விந்தையைப் பாருங்கள். 1776-இலேயே ஹால்ஹெட் என்பார் வங்கப் பண்டிதர் தொகுத்த அறநூலை 'ஜென்டூ சட்டங்கள்' என ஆங்கிலத்தில் வெளியிட்டார். சென்னையிலோ பொருள் இன்னும் சுருங்கித் தெலுங்கரும் தெலுங்குமே 'ஜென்டூ' ஆயினர். தமிழை 'மலபார்' என்றழைத்தவர்களும் அந்த ஆங்கிலேயரே. அந்தப் பெயர் ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை.

வேரைத் தோண்டினால் இன்னொன்று கிட்டும். 'கென்ஸ்' பிறந்த அடியிற்றான் பிறத்தலைக் குறிக்கும் வடமொழி 'ஜன்' என்னும் வினையும் பிறந்தது. அவ்வினை ஈன்றவையே நாம் கடன்கொண்டு மெலிவித்துக்கொண்ட சனமும் சாதியும். ஆகவே பனிக்கடற் பறவையின் பெயரும் நம் தெருவில் புழங்கும் சனமும் தூரத்து உறவினர். நம் சொந்தச் சொல்லான 'குடி' இவ்வுறவிற் சேராது, அது தனிக்குடித்தனம்.

பறவைக்கு ஏன் இப்பெயர்? ஒரு கண்ணின் மேலிருந்து உச்சியைக் கடந்து மறுகண்ணின் மேல்வரை கருந்தலையில் ஒரு வெள்ளைப் பட்டை ஓடுகிறது. அது 'ஜென்டூ' எனப்பட்ட இந்நாட்டாரின் தலைப்பாகையை நினைவூட்டியது என்பது பலரும் கூறும் விளக்கம். 'பென்குயின்' என்பதையே வேல்சு மொழியில் 'வெள்ளைத்தலை' எனப் பிரிப்பாரும் உளர். அவ்வாறாயின் தலையின் வெண்மை இப்பறவைக்கு இருமுறை பெயராகிவிட்டது. உடலோ முக்கால் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம். கூழாங்கல்லைக் குவித்துக் கூடமைத்து இரண்டு முட்டையிடும். அடுத்த கூட்டுக் கல்லைத் திருடவும் கூசாது. நீருக்குள் மணிக்கு 36 கிலோமீட்டர் வரை விரையும். பென்குயின்களில் இதனை விஞ்ச வேறில்லை.

தமிழில் எழுதுவோர் 'செண்டூ' என்றே எழுதலாம், ஈற்று நெடிலை மட்டும் காத்துக்கொள்ளுங்கள். குறிலாக்கினால் நாளையே ஒருவர், உச்சியில் வெண்பூச்செண்டு சூடியதால் வந்த தூய தமிழ்ப்பெயர் என்று கட்டுரை எழுதிவிடுவார்.