அட்லஸும் ஜென்பேங்கும்

மார்கரெட் டேஹாஃப், வால்டர் கோட் இருவரும் 1925-இல் பிறந்த அமெரிக்கர்கள். இருவருமே உயிரியலுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். டேஹாஃப், துளையட்டை இயந்திரங்களில் மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிட்டு முனைவர் பட்டம் பெற்ற குவாண்டம் வேதியியலர். கோட், லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் வெப்ப அணுக்கரு ஆயுதங்களுக்குக் கணக்குப் போட்ட இயற்பியலர்.

முதலில் வழி வெட்டியவர் டேஹாஃப். 1965-இல் அவர் குழு வெளியிட்ட ‘அட்லஸ்’ என்னும் நூலில் 65 புரதங்களின் வரிசைகள் இருந்தன. அவற்றைத் தொகுத்ததோடு அவர் நிற்கவில்லை. நெருங்கிய உறவுள்ள புரதங்களில் எந்த அமினோ அமிலம் எதுவாக மாறியிருக்கிறது என்று எண்ணி, அதிலிருந்து தூரத்து உறவையும் அளக்கும் பாம் அணிகளை 1978-இல் தந்தார். வரிசை என்பது பரிணாமத்தின் பதிவேடு என்பதை அவரளவுக்கு உணர்ந்தவர்கள் அன்று மிகச் சிலரே.

கோட் 1960-களில் உயிரியல் பக்கம் திரும்பினார். டி.என்.ஏ. வரிசைகளைப் படிக்கும் விரைவான முறைகள் 1977-இல் வந்தபின் தரவு குவியத் தொடங்கியது. 1979-இல் அவர் அவற்றைச் சேகரிக்கலானார். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் பொதுத் தரவுத்தளத்துக்கு ஒப்பந்தம் கோரியபோது டேஹாஃபின் குழுவும் போட்டியிட்டது. 1982-இல் ஒப்பந்தம் லாஸ் அலமோஸும் அதன் கூட்டாளி நிறுவனமும் சேர்ந்த அணிக்குப் போனது. ஜென்பேங்க் என்ற அந்தத் தரவுத்தளம் பிறந்தது.

இதை இயற்பியலின் வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். அறிவியல் ஆழத்தில் டேஹாஃப் எந்த வகையிலும் குறைந்தவர் அல்லர். வேறுபாடு தரவைப் பகிர்ந்த விதத்தில்தான். அட்லஸ் விலைக்கு விற்கப்பட்டது. அதன் தரவை மறுபடி பகிரவும் கட்டுப்பாடு இருந்தது. தாங்கள் கண்டறிந்த வரிசையையே காசு கொடுத்து வாங்குவதா என்று ஆய்வாளர்கள் மனம் கசந்தார்கள். கோட் தரப்போ எதற்கும் உரிமை கோராமல், கணினி வலையமைப்பு வழியே எல்லாருக்கும் திறந்து வைப்பதாக முன்வந்தது. அந்தத் தாராள மனத்தைப் போற்றுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்தே எடைபோட வேண்டும்: ஆயுத ஆய்வுக்காக அரசு வாங்கிக் குவித்த பெரும் கணினிகள் கோட்டுக்கு அருகிலேயே இருந்தன. டேஹாஃப் பணியாற்றிய அறக்கட்டளையோ போதாத மானியத்தை நூல் விற்ற பணத்தால் ஈடுகட்டியது.

1982 டிசம்பரில் வந்த ஜென்பேங்க் வெளியீட்டில் 606 வரிசைகள், சுமார் 6.8 லட்சம் எழுத்துகள். அடுத்த பிப்ரவரியில் டேஹாஃப் காலமானார். ஜென்பேங்கில் புரதத்தைக் குறிக்கும் ஜீனின் பதிவு எதைத் திறந்தாலும், அந்தப் புரதம் அவர் பரப்பிய ஓரெழுத்துக் குறியீட்டில்தான் இன்றும் எழுதப்படுகிறது.